பூக் கேட்டு வாங்கிய வேன்

பாலக்காட்டில் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் வீட்டுக்குப் பின்னால் அந்த வேனை முதன்முதலில் பார்த்தபோது, அதன் கூரைமேல் இரண்டு கோழிகள் உட்கார்ந்திருந்தன. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த வண்டி. கடைக்காரரின் அப்பா காலத்தில் ஊரெல்லாம் ரொட்டி கொண்டுபோய்ப் போட்டதாம். இப்போது சக்கரங்கள் பாதி மண்ணுக்குள் இருந்தன. என்னைக் கூட்டிக்கொண்டு வந்த நண்பர், "இதையெல்லாம் எடைக்குத்தானுங்க போடோணும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் என் பையில் ஒரு ஸ்பேனர் இருந்தது.

நான் கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். அங்கிருந்த மெஷின்களும் இங்கிலாந்துக்காரன் செய்தவைதான். அவற்றின் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. லாரிப் பட்டறைகளில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் அவற்றில் உட்காராது. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் மில்லை மூடினார்கள். என் ஸ்பேனர் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது, நான் கட்டிலுக்கு மேலே போனேன். எட்டு மாதம் அப்படியே கிடந்தேன். யாராவது வீட்டுக்கு வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். இந்த நண்பர்தான் ஒரு ஸ்பேனரையும் பையில் போடவைத்து, வற்புறுத்தி வெளியே இழுத்து வந்திருந்தார்.

வேனின் முன்சக்கரத்து நட்டில் என் ஸ்பேனரைச் சும்மா வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குப் பித்துப் பிடித்தது அந்த நொடியில்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இதைச் சரிசெய்து தொண்டாமுத்தூர்ப் பக்கத் தோட்டங்களிலிருந்து மார்க்கெட்டுக்குக் காய்கறி ஓட்டலாம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். மில் மூடியதிலிருந்து அந்த மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

"பூக் கேட்டுப்போட்டு வாங்க. வெள்ள வந்தா வாங்குங்க, செகப்பு வந்தா உட்டுருங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் கல்யாணம் பேசுவதானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் தொடங்கமாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன்னால் போட்டுக் குலுக்கி, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டாம் தரம் கேட்கக் கூடாது. எங்கள் கல்யாணமே வெள்ளை வந்த பிறகு முடிவானதுதான். அவளே தண்ணீர்க் குழாயடிச் செடிகளில் பூப் பறித்து, இரண்டு பொட்டலம் மடித்து, மஞ்சள் நூல் சுற்றிக் கொடுத்தாள்.

அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கோயிலுக்கு மறுநாள் போனேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

"சரீங்க, வேற ஏதாச்சும் பார்த்துக்கலாமுங்க" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வந்த கோபத்தில் பொட்டலம் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். பதினெட்டு வருஷத்து வேலை போனபோது இந்தச் சாமி எங்கே போயிருந்தது என்று வழியெல்லாம் வாய்விட்டே திட்டினேன். அவிநாசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான், வீட்டில் பூவைக் காட்டவேண்டுமே என்று உறைத்தது. பக்கத்தில் ஒரு வீட்டு வேலியோரம் ஏதோ செடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளை என்றால் வெள்ளைதானே. மில் நூலைத் தொட்டே அது எத்தனாம் நம்பர் என்று சொல்லுவேன். பூவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அவள் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு தாளில் மடித்து என்னிடமே கொடுத்தாள். "வண்டி புக்குல வெச்சுக்குங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

வண்டியை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வாளையாறு தாண்டியதோடு அந்த நிம்மதி தீர்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அதை நான் இரண்டு வருஷம் படித்தேன். தரைப் பலகை கையோடு வந்தது. உக்கடத்தில் டிங்கர் வேலை பார்க்கும் பாய் ஒருவர் சுத்தியலால் பக்கத் தகட்டை லேசாகத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. "ஏனுங்ணா, இது தகரத்துல இருக்கற ஓட்டையா, ஓட்டையில இருக்கற தகரமாங்ணா?" என்று கேட்டார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே வெட்டி எடுத்து, வெட்டி எடுத்து, கடைசியில் முன் மூக்கும் கதவுகளும் அடிச்சட்டமும்தான் பழைய வண்டியில் மிஞ்சின.

பகலில் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கூலிக்கு நின்றேன். கிடைக்காத பாகங்களை அங்கேயே கடைந்துகொண்டேன். கோயமுத்தூரில் கடைய முடியாத சாமான் இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் ஒரு சாமானைக் கடைந்து மாட்டினால், அதற்குப் பக்கத்துச் சாமான் உடைந்தது. என் கைவிரல்களில் கிரீஸ் போன நாளே கிடையாது. சாப்பிடும்போதும் அந்த வாசம்தான்.

அடுத்த மாநிலத்து வண்டி என்பதால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கொடுக்கவேண்டும். என் வண்டியின் நம்பரைத் துரு தின்றிருந்தது. எத்தனை தரம் தேய்த்தாலும் கறுப்புத் தீற்றல்தான் வந்தது. பாலக்காட்டு பஸ்ஸில் என்னைத் தெரியாத கண்டக்டர் இல்லை என்கிற அளவுக்குப் போய்வந்தேன். பெயிண்ட் கதை இன்னும் மோசம். பக்கத்துக் கதவுகளில் எழுதியிருந்த மலையாள எழுத்துகள், எத்தனை கோட் அடித்தாலும் வெயிலில் நிழல்போல மேலே வந்து நின்றன.

ஒவ்வொன்றுக்கும் எனக்கு அந்தச் சிவப்புப் பூதான் கண்முன் வரும். சாமி சொன்னதைக் கேட்காதவனுக்கு இது வேண்டும் என்று நானே சொல்லிக்கொள்வேன். இதில் தாங்கமுடியாமல் போனது என் மனைவியின் பொறுமைதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. உறவுக்காரர்கள் கேலி செய்தபோதுகூட எனக்காகப் பரிந்து பேசினாள். "ஓடும் ஓடும், கை நல்ல கை" என்பாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, அந்த வேகத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பேன். பொய் சொன்னவனுக்குச் சண்டை போடக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. வண்டி புத்தகத்தில் அந்தத் தாள் பொட்டலம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு பல தரம் அவளை ஏறச் சொன்னேன். தையல் கிடக்கிறது என்பாள், உடம்புக்கு முடியவில்லை என்பாள். கடைசியில், "மொதல்ல சாமிகிட்டப் போயிட்டு வரட்டுமுங்க" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது.

காகிதங்களும் ஒருவழியாக வந்து, அந்த நாளும் வந்தது. வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் அவள்தான் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் ஏற்றி நசுக்கி, வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் கையில் பூஜைக் கூடையை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தாண்டி நடந்தாள்.

"எங்க போற? ஏறு" என்றேன்.

"நீங்க வண்டியில வாங்க. நான் பஸ்ஸுல வாரனுங்க."

"வண்டிய வெச்சுக்கிட்டு எதுக்கு பஸ்ஸு?"

அவள் திரும்பி ஜன்னலருகே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க, நாங் கட்டிக் குடுத்தது அரளிங்க. நீங்க கொண்டாந்தது நந்தியாவட்டைங்க."

நான் என்ஜினை நிறுத்தினேன். அப்படியென்றால் அன்றைக்கே தெரியும். இரண்டு வருஷமும் தெரியும்.

"அப்பவே கேட்டிருக்கலாமல்ல?" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"எட்டு மாசங் கழிச்சு அன்னைக்குத்தான் நீங்களா செருப்பு மாட்டிக்கிட்டு வெளிய போனீங்க. பொய் சொல்லோணும்கற அளவுக்கு ஒண்ணு மேல ஆசைப்பட்டீங்க. அதக் கெடுக்க எனக்கு மனசு வல்லீங்க." கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனாச் சாமி வேண்டாம்னு சொன்ன வண்டியில நான் ஏற மாட்டனுங்க. அது வேற, இது வேறங்க."

எங்கள் வீடு அவிநாசி ரோட்டுக்குப் பக்கம். அவள் ரோட்டுக்குப் போய் நின்றாள். பஸ் வந்தது, ஏறினாள். நான் என் சீமை வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முந்திப் போயிருக்கலாம், என்ஜின் நன்றாகத்தான் இழுத்தது. எனக்கு மனம் வரவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். அதன் புகையைக் குடித்துக்கொண்டே அவிநாசி போய்ச் சேர்ந்தேன். கோயிலில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கும்பிட்டோம். பூசாரி வண்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், திருநீறு கொடுத்தார்.

அந்த வேன் அதற்குப் பிறகு ஐந்து வருஷம் காய்கறி ஓடியது. விற்கும் நாள்வரை அவள் அதில் ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் நான் கிளம்பும்போது, கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் என் சோற்றுத் தூக்குப்போசியை வைப்பாள். கை மட்டும் உள்ளே வரும்.