வண்டியில் தூங்குகிறவர்கள்

"போனைப் போடுங்க, எல்லாரும் போடுங்க" என்று ரப்பர் கிண்ணத்தை மேஜையைச் சுற்றி நீட்டிக்கொண்டே வருகிறார் பல்செட்டுக்காரர். வாரம் முழுக்க அந்தக் கிண்ணத்தில் யாருடைய தாடைக்கோ அச்செடுக்க மாவு குழைத்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அது கழுவித் துடைக்கப்பட்டு, வசூலுக்குக் கிளம்பிவிடும். உள்ளே போன போன், ஆட்டம் முடிகிறவரை வெளியே வராது. கிடந்து துடித்தாலும் சரி, பாட்டுப் பாடினாலும் சரி, அவர் காதில் விழாது.

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் அவருடைய மனைவி. பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில் ஒரு திறப்பு இருக்கிறது. தேநீர் வருகிற வழி. அந்தத் திறப்பின் பலகையில் மனைவியின் போன் சாய்ந்து நிற்கும். ஞாயிறு தவறாமல் ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் தம்பி கூப்பிட்டுவிடுவான். "உங்க சட்டமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கோங்க" என்பார். பல்செட்டுக்காரரும் வாயைத் திறக்க மாட்டார்.

அது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் தட்டறேன்", "நான் ஓடிடறேன்" என்று உள்ளே புகுந்துவிடுவார்கள். தட்டிய கதவு திறந்ததா, ஓடினவன் தப்பினானா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். பல்செட்டுக்காரர் இந்தக் கதையைத் தொடங்கியபோது அவருக்குத் தலை நிறைய முடி. இன்று கதைதான் அடர்த்தியாக இருக்கிறது.

மேஜையைப் பார்த்தால் தொழில் தெரிந்துவிடும். மலைகளெல்லாம் சரியாக வராமல் ஒதுக்கிய மாவு அச்சுகள். நாட்டின் வடக்கு எல்லை ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் கீழ்த்தாடை. ஈறுக்கு வார்க்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் மிச்சம் விழுந்ததைச் செதுக்கித்தான் வீரர்கள், குதிரைகள், அரக்கர்கள். கட்டைவிரல் உயரத்தில் எல்லோரும் ஒரே ரோஸ். நெருப்புக் கக்கும் பறவைநாகம் ஒன்று அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது; அதற்கு வாய் நிறையப் பல். "வாங்கிக்க வராத செட்டு. வீணாவா போகணும்?" என்பார். பல்செட் வைக்கிற நீல டப்பாக்களில்தான் அவரவர் பகடை இருக்கும். மூடியில் பெயர் ஒட்டியிருக்காது. யார் டப்பா எது என்று எல்லோருக்கும் தெரியும்.

கிண்ணத்தை விட்டால் இன்னும் இரண்டு சட்டங்கள். ஒருவர் பகடையை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டால் கை ராசி போய்விடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை, அடிதடிவரை போயிருக்கிறது. அடுத்தது, ஆட்டத்துக்கு வராதவனுடைய ஆள் தூங்கிவிடுவான். தூங்குகிறவனை வண்டியில் போட்டு மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். வழியில் விட்டுவிட்டுப் போனால் போனதுதான், திரும்பவே மாட்டான். ஒருவனும் மட்டம் போடாமல் இருக்க வாலிப வயதில் வைத்த சட்டம் இது. நன்றாகத்தான் வேலை செய்தது. காய்ச்சலோடு வந்து போர்வை போர்த்திக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

அப்போதெல்லாம் மதியம் உட்கார்ந்தால் விளக்குப் போடுகிறவரை எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு கோட்டை வாசலில் காவல்காரனோடு பேரம் பேசியே ஒரு மாதம் கழிந்தது. மச்சான் திருடன் வேடம். நிஜத்தில் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. மேலதிகாரி இருமினால் எழுந்து நிற்கிற ஜாதி. மேஜையில் உட்கார்ந்தால் மூன்றாம் மாடி ஜன்னலில் கயிறு கட்டி இறங்குவார். போஸ்ட்மேன் ஒற்றைக்கண் மந்திரவாதி. நர்ஸ் அக்கா கோடாலிக்காரி. ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்து, கண்ணைத் திறக்காமலே "வெட்டறேன்" என்பார்.

மச்சான் முதலில் நண்பர். டா போட்டுப் பேசிக்கொண்ட நண்பர். தன் அக்காவை இவருக்குக் கட்டிக்கொடுத்த அன்றோடு "மாமா" ஆகிவிட்டது. வீட்டில் மாமா, விசேஷத்தில் மாமா. மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் "டேய்" திரும்பி வந்துவிடும். அந்த "டேய்"க்காகவே பல்செட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்துக் கிடந்திருக்கிறார்.

பிறகு வண்டி நிறையத் தொடங்கியது. சிலருக்கு மாற்றல், சிலருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி. போஸ்ட்மேன் இறந்துபோனார். அடுத்த ஞாயிறு, "அவர் ஆள என்னண்ணே பண்றது?" என்று நர்ஸ் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "வரலைல்ல. தூங்கறார்" என்று ஒற்றைக்கண்ணனை எடுத்து வண்டியில் படுக்கவைத்தார் பல்செட்டுக்காரர். அன்று ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மச்சான் மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போனார். போய்ச் சேர்ந்த வாரமே கூப்பிட்டு, "வீடியோல வந்துடறேன் மாமா. எதிர்ல போனை நிறுத்திட்டா போதும்" என்றார். பல்செட்டுக்காரருக்கு அவர் போனதே ஆறவில்லை. அந்தக் கோபமெல்லாம் போன்மேல் திரும்பியது. "தீப்பெட்டி சைஸ் மூஞ்சிக்கு நான் எப்படிப் பயம் காட்டறது? மேஜைக்கு வா. இல்லைன்னா தூங்கு" என்று சொல்லிவிட்டார். மச்சான் "சரி மாமா" என்றார். அதற்குப் பிறகு இருவரும் பிரஷர் மாத்திரை பேசுவார்கள், ஒழுகுகிற கூரை பேசுவார்கள். ஆட்டத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். மச்சானுடைய நாற்காலியில் யார் உட்காரப் போனாலும், "அதுல வேணாம், கால் ஆடுது" என்பார். அந்த வீட்டிலேயே கால் ஆடாத நாற்காலி அது ஒன்றுதான்.

இப்போது மேஜையில் நர்ஸ் அக்காவும், அவர் மகளும், மகளுடைய ஆபீஸ் தோழர்கள் இருவரும். இவர்கள் ஆட்டமே தனி. இரண்டு மணி நேரம்தான். அதற்குள் ஒரு கட்டம் முடிந்தாக வேண்டும். வேடத்தின் பூர்வ கதையைப் பக்கம் பக்கமாக முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். "அங்கிள், இவளுக்குச் சின்ன வயசுல ஒரு பெரிய வேதனை இருக்கு" என்கிறார்கள். பழைய ஆட்களிடம் வேதனை கிடையாது, பேராசைதான். ஒரு தோழனுக்குச் சிலந்தி என்றால் உடம்பு கூசுமாம், கதையில் வேண்டாமாம். "சிலந்திகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று முறைத்தார். ராத்திரியோடு ராத்திரியாகச் சிலந்திக்கூட்டத்தை நண்டுக்கூட்டமாக மாற்றியும் வைத்தார்.

அரக்கனை எதிரே விட்டால் பழைய ஆட்கள் வெட்டுவார்கள். இவர்கள் பெயர் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு அரக்கனிடம், "உங்க அம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தாள் மகள். அம்மா இருக்கிறாள் என்றே அவருக்கு அதுவரை தெரியாது. திணறி, அந்த அம்மாவுக்கு ஒரு மூட்டுவலியை உண்டாக்கி ஒப்பேற்றினார். "என்ன பசங்களோ" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார். முகத்தில் அலுப்பைக் காணோம்.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் தொங்குபாலமே கட்டினார். இரண்டு மணி நேரத்தில் முடிகிற மாதிரி, நறுக்கென்று. பல் கட்டுகிற கம்பியும் தீக்குச்சியுமாக, இரண்டு தாடைகளுக்கு நடுவே. "நாலு ஆள் கனம் தாங்கும். அதுக்கு மேல ஒரு இம்மி ஏறினாலும் அறுந்துடும்" என்று போன ஞாயிறு குரலை இறக்கிச் சொல்லி நிறுத்திவிட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மிதப்பில் வண்டியை மறந்துபோனார். இத்தனை வருடத்தில் மறக்காதவர்.

இந்த ஞாயிறு கதையை எடுத்த உடனேயே மகள் கணக்குப் போட்டுவிட்டாள். "நாங்க நாலு பேர். அப்ப வண்டிய இங்கயே விட்டுட்டுப் போயிடலாம் அங்கிள். சும்மா சாமான்தான?"

நர்ஸ் அக்காவின் கண் திறந்துகொண்டது. "சாமானா? அதுல யார் யார் இருக்காங்கன்னு தெரியுமாடி உனக்கு?"

மகளுக்குத் தெரியாது. அவள் வந்த நாளிலிருந்து பொம்மைகள் குப்புறவும் மல்லாந்தும் அப்படியே கிடக்கின்றன. அம்மா சொல்லச் சொல்ல வண்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒற்றைக்கண்ணன் யாருடைய ஆள் என்று காதில் விழுந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"விட்டுட்டுப் போனா?" என்று ஒரு தோழன் கேட்டான்.

"போனதுதான்" என்றார் பல்செட்டுக்காரர். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. கம்பியை மாற்றலாம், பாலத்தை இரும்பாக்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனால் வாயால் சொன்னதை இந்த மேஜையில் அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. மாற்றுகிறவர் சொல்லும் கதைக்கு எவன் பயப்படுவான்? ஒற்றைக்கண்ணனை அந்தக் கரையில் விட்டுவிட்டு எந்த முகத்தோடு அடுத்த ஞாயிறு உட்காருவது என்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"வேற வழியே இல்லையா அங்கிள்?"

"ஒரு வழி இருக்கு. கயிறு வேலை தெரிஞ்ச ஒரே ஆள் திருடன். அவன் முழிச்சிருந்தா இன்னொரு கயிறு இழுத்துக் கட்டி வண்டிய அதுல விடுவான்."

"அப்ப எழுப்புங்க."

"மேஜைக்கு வந்தாத்தான் முழிப்பான்."

அப்போதுதான் திறப்பின் பலகையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு கயிறு போடணும். ஒண்ணு போதாது. வண்டில கூட்டம் ஜாஸ்தி."

எல்லோரும் திரும்பினார்கள். அங்கே போன்தான் சாய்ந்து நின்றது. பக்கத்தில் அவர் மனைவி, கையில் தேநீர்த் தட்டோடு.

"என்ன பாக்கறீங்க? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் தம்பி என்கிட்ட பேசவா கூப்பிடறான்? நல்லா இருக்கியாக்கான்னு ஒரு வார்த்தை கேப்பான். அப்புறம் 'போனை அங்க வெச்சுட்டு நீ உன் வேலையப் பாரு'ம்பான். வருஷக்கணக்கா இதான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். இவ்ளோ நாள் காப்பாத்தினேன்."

பல்செட்டுக்காரர் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியோடு மனைவி பேசிக்கொண்டிருக்கிறார் என்றே அவர் நினைத்திருந்த அத்தனை ஞாயிறுகளிலும், அந்தச் சுவருக்கு அப்பால் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கதையைக் கேட்டபடி இருந்திருக்கிறான். தூங்கு என்று சொன்னவரிடம் சரி என்று சொல்லிவிட்டு, ஒரு கண்கூட மூடாமல்.

"நண்டெல்லாம் கேட்டேன் மாமா" என்றது போன். "சிலந்தின்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

சிலந்திக்குக் கூசுகிற தோழன்தான் முதலில் சிரித்தான். பல்செட்டுக்காரர் எழுந்து போய்ப் போனை எடுத்து வந்தார். ஆடாத நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப்போட்டு, அதற்கு எதிரே பறவைநாகத்தை வைத்து அதன் பல்வரிசைமேல் போனைச் சாய்த்தார். வண்டியிலிருந்து ரோஸ் நிறத் திருடனை எடுத்தார். முதுகில் தூசி அப்பியிருந்தது. ஊதிவிட்டுப் பாலத்தின் முனையில் நிற்கவைத்தார். பக்கத்தில் படுத்திருந்த ஒற்றைக்கண்ணன் கொஞ்சம் சரிந்துவிட்டான், அவனை நேராக்கினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு நீல டப்பாவைக் கொண்டுவந்து நாற்காலிக்கு நேராக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு போடறது அங்கிள்?" என்றாள் மகள் மெதுவாக.

போனில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"டேய்" என்றது போன். "நீயே போடுடா."

பல்செட்டுக்காரர் டப்பாவைத் திறந்தார். வலது கையைச் சட்டையில் முன்னும் பின்னும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மச்சானுடைய பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.