டொக்டராக நடித்தவர்

ஹென்டர்சன் என்ற ஊரில் ஒரு கண் மருத்துவமனையில் அம்மாவோடு காத்திருந்தேன். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து அம்மா ஏற்கனவே இரண்டு முறை மறுத்திருந்தார். எதிரே நெடிய உருவமுள்ள ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர்.

“பிள்ளை, இவர் டீவியில வாற டொக்டரல்லே? நோகுமோ எண்டு கேள்,” என்றார் அம்மா.

கேட்டேன். அவர் ஒருகணம் கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது வேறு ஆளாக இருந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, “இருபது நிமிஷம்தான். வலி ஒன்றும் தெரியாது,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே அம்மா சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

“நீங்கள் உண்மையாகவே டொக்டரா?”

“ஐம்பது வருஷமாக நடிகன். மேடையில் அரசன், பாதிரி, கொலைகாரன். டீவியில் ஆறு வருஷம் டொக்டர்.”

“இங்கே எதற்கு?”

“அதே ஒப்பரேஷனுக்குத்தான். மூன்றாவது தடவையாக வந்திருக்கிறேன்.”

தாதி அவருடைய பெயரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து, கோட்டைச் சரிசெய்து, மிடுக்காக நடந்து வெளிவாசல் வழியாகப் போய்விட்டார்.

ஒரு கண்ணில் கட்டோடு வந்த அம்மா தேடினார். “டொக்டர் எங்க? நன்றி சொல்லவேணும்.”

“அவசரமாக் கூப்பிட்டினம் அம்மா, போயிட்டார்.”

இப்போதும் அவரைத் திரையில் கண்டால் எனக்குக் கதை மனதில் ஏறுவதில்லை. அவருடைய கண்ணுக்கு என்ன ஆனதோ என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.