ஜன்னலைத் திறந்தால் திராட்சைத் தோட்டம்

பத்தாவது கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கணவர் செந்தில் கேட்டபோது, டெக்சஸ் மலைப்பகுதி ஒயின் தோட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றேன். பேருந்து பேருந்தாக ஆட்களை இறக்கும் பெரிய இடம் வேண்டாம், ஒரு குடும்பமே பயிரிட்டுப் பிழிந்து விற்கும் இடம்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அவருடைய அலுவலக நண்பர் முரளி தானே கார் ஓட்டுவதாகச் சொன்னார். ஓசியில் ஒருவர் நாள் முழுக்கக் கார் ஓட்டுகிறார் என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம் சுமார் தொண்ணூறு மைல், ஒன்றே முக்கால் மணி நேரம். சுவைத்துப் பார்க்க ஆளுக்கு இருபத்தைந்து டாலர். தோட்டத்தை ஹைடி என்பவரும் அவர் தம்பியும் நடத்துகிறார்கள். முரளி வண்டியிலேயே இருந்துவிட்டார்.

ஹைடி எங்களைக் கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போனார். மேலே ஒன்றரை அடிதான் செம்மண், கீழே சுண்ணாம்புப் பாறை. வேர் பாறை இடுக்கில் இறங்கித் திண்டாடுவதால் பழம் சிறுத்து, தோல் தடிக்கிறது. அந்தத் தோல்தான் ஒயினின் துவர்ப்பு. நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது எனக்கு. (நான் குடித்தது மூன்று வாய். ஊரில் யாராவது படித்தால் படிக்கட்டும்.) கோடையில் கொடியைக் காப்பது ஒரே ஒரு போர்வெல்லின் சொட்டுநீர்.

“தண்ணீர் எத்தனை அடியில்?” என்று செந்தில் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவருக்குச் சொந்த ஊர் பல்லடம் பக்கம். ஆயிரம் அடி போட்டும் புகைதான் வந்தது என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். விவசாயி மகன் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போர் போட்டபோது இருநூறு அடி, இப்போது முந்நூறைத் தாண்டிவிட்டது என்றார் ஹைடி.

திரும்பும்போது முரளி வேலியை ஒட்டிய காலி நிலத்தில் காரை நிறுத்தினார்.

“இதான் சிஸ்டர் நம்ம ப்ளாட்! ஜன்னலைத் தொறந்தா வைன்யார்ட் வியூ. தண்ணிக்குக் கவலையே இல்ல, செந்தில் இப்பதான் விசாரிச்சாரு.”

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து, பிரியாணி போட்டு மனை காட்டுவார்களே, அதேதான். என் கல்யாண நாளை சைட் விசிட் ஆக்கிவிட்டார்கள்!

“ஆளாளுக்கு ஒரு போர் போட்டா அவங்க தோட்டம் என்னாகும்?”

“லேண்ட் நம்மளுதுன்னா கீழ இருக்குற தண்ணியும் நம்மளுது சிஸ்டர். டெக்சஸ்ல அது லீகல்.”

“அப்புறம் ஜன்னலைத் தொறந்து என்னத்தப் பாப்பீங்க? காஞ்ச குச்சியையா?”

செந்தில் குறுக்கே வந்தார். “இன்வெஸ்ட்மென்ட்டுக்குத்தான புள்ள. நாம வாங்காட்டி இன்னொருத்தன் வாங்குவான்.”

“வாங்கட்டும். என் கையெழுத்து கிடையாது.”

அவர்களை அங்கேயே விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தேன். ஹைடியிடம் உள்ளதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் ஆச்சரியப்படவே இல்லை. வாராவாரம் யாராவது வந்து இதையே கேட்கிறார்களாம். “இரண்டு எண்ணையும் சொல்கிறேன். முதல் எண்ணை மட்டும்தான் கேட்டுக்கொள்கிறார்கள்” என்றார். பல்லடத்துக்காரருக்குமா இரண்டாவது எண் காதில் விழவில்லை? எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்துகொண்டு வார நாளில் போங்கள். வண்டி ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. டெக்சஸில் பாட்டிலில் அடைத்தது எல்லாமே டெக்சஸ் பழமில்லை, இந்த மண்ணில் விளைந்தது எது என்று கேட்டு வாங்குங்கள். கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், வேறெங்கே நிற்பீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்த மனையை எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு குடும்பம் வாங்கிவிட்டது. போன வாரம் தெரு வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு வந்தது: காலையில் பூமி பூஜை, பிறகு போர் போடுதல், மதியம் வாழையிலைச் சாப்பாடு. அழைப்பின் பின்னணியில் ஹைடியின் கொடிகள், பச்சைப் பசேலென்று. வர முடியாது என்று போட்டேன். ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பதிலாக இந்தப் பதிவைத்தான் அந்தக் குழுவில் போடப்போகிறேன். வேண்டாம் என்று செந்தில் கெஞ்சுகிறார். கெஞ்சட்டும்.