கோழி இல்லாத எட்டு வாரங்கள்

தம்பி வீடியோவில் அழைத்தபோதெல்லாம் நாயின் முகத்தையும் இடது பக்கத்தையும் மட்டுமே காட்டினேன். வலது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டியிருந்தது. வால் தொடங்கும் இடத்தில் தோல் தடித்துக் கறுத்துப் போயிருந்தது. வயிறு சிவந்திருந்தது. காதுக்குள் புளித்த மாவு போல ஒரு வாடை. "கொஞ்சம் நடக்க விடு, பாக்கணும்" என்று அவன் கேட்டால், "தூங்கி எழுந்திருக்கு, அலுப்பா இருக்கு லா" என்று சொல்லிச் சமாளிப்பேன். இரண்டு மாதம் அப்படிச் சமாளித்தேன்.

அது அவனுடைய நாய். குருண் ஊருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே குட்டியாகக் கண்டெடுத்து நான்கு வருடம் வளர்த்தவன். சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் என்னிடம் கொண்டுவந்து விட்டான். எனக்கு நாய்ப் பழக்கம் கிடையாது. பாக்கார் ஆராங்கில் என் வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் ஒரு சிறிய தெரஸ் வீடு. விடியுமுன் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவேன். "கோழி வாசன தீனி ஒரு கிண்ணம் போட்டா போதும் அக்கா. ஒண்ணும் தொந்தரவு பண்ணாது" என்றான். உண்மைதான், அது தொந்தரவு செய்யவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று வாலை ஆட்டும். எனக்கென்று வாலாட்ட ஓர் உயிர் இருப்பது நாற்பத்து நான்கு வயதில்தான் முதல்முறை.

பகலில் அதைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. கணவர் இறந்தபின் தனியாக இருப்பவர். பிள்ளைகள் கோலாலம்பூரில். என் கேட் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. மத்தியானம் வந்து தண்ணீர் மாற்றி வைப்பார், மழை வந்தால் நாயை உள்ளே விடுவார். நான் கேட்காமலேயே செய்யத் தொடங்கிய வேலை அது.

சொறிச்சல் தொடங்கியதும் கிளினிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்து, பூச்சி இல்லை என்றார். ஊசி போட்டார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு முன்னைவிட மோசமாக வந்தது. "சாப்பாட்டுல ஏதாவது ஒத்துக்காம இருக்கலாம். அடுத்த வாரம் வாங்க, மெதுவாப் பாப்போம்" என்றார்.

நான் போகவில்லை. மெதுவாகப் பார்க்கப் பொறுமை இல்லை. நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒருவர் மீன் எண்ணெய் மாத்திரை என்றார். இன்னொருவர் தேங்காயெண்ணெய், தினம் ஒரு கரண்டி. முட்டை மஞ்சள்கரு, கோழி ஈரல், முடிக்கும் மூட்டுக்கும் நல்லது என்று எலும்பு வடிவத்தில் மெல்லும் மாத்திரை. எல்லாவற்றையும் வாங்கினேன். எல்லாவற்றையும் கொடுத்தேன். முடி இருந்த இடங்கள் பளபளவென்று மின்னின. அதைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து, எண்ணெயை ஒரு கரண்டியிலிருந்து இரண்டாக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா என் கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது.

"தங்கச்சி, நீ போனதுலேருந்து நாலு வாட்டி வாந்தி எடுத்துருச்சு. போன் அடிச்சேன், நீ எடுக்கல."

பூசைக்காகப் போனை அணைத்து வைத்திருந்தேன். நாய் துணி துவைக்கும் இடத்தில் இருந்தது. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. தொட்டதும் வயிறு கல்லாக இறுகியது. நாங்கள் இருவரும் துண்டில் சுற்றித் தூக்கி காரில் ஏற்றினோம். ஞாயிறு அரை நாள்தான் கிளினிக். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்கதவு பாதி இறங்கியிருந்தது. அக்கா குனிந்து உள்ளே போய், "டாக்டர், கொஞ்சம் நில்லுங்க" என்று சொன்னது வெளியே கேட்டது.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "கணையம் வீங்கியிருக்கு. என்னா சாப்பாடு கொடுத்தீங்க?"

சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ கொழுப்ப யாரு கொடுக்கச் சொன்னா?"

"தோலு நல்லாகணும்னு தான் டாக்டர்."

"தோலு நல்லாகுறதுக்கு நாய் மொதல்ல உயிரோட இருக்கணும்."

மூன்று நாள் அங்கேயே வைத்து சலைன் ஏற்றினார்கள். முதல் நாள் அவரால் எந்த உறுதியும் சொல்ல முடியவில்லை. நான் வேலை முடிந்து கூலிமிலிருந்து நேரே கிளினிக்குப் போவேன். கம்பிக்கூண்டுக்குள் படுத்திருக்கும். கண்ணை மட்டும் திறக்கும். என் கையில் அப்போதும் அந்த மீன் எண்ணெய் நாற்றம் இருப்பது போலவே தோன்றியது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று தெரியாது.

இரண்டாம் நாள் தம்பியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "ரெண்டு மாசமா ஏன் அக்கா மறச்சே?" என்று மட்டும் கேட்டான். பிறகு அவனே தொடர்ந்தான். "உன்னால முடியலன்னா சொல்லு, தப்பில்ல. கிறிஸ்மஸுக்கு வர்றேன். அதுக்குள்ள சரியாகலன்னா எஸ்டேட்ல ஒரு கூட்டாளி இருக்கான், அவங்கிட்ட விட்டுடுறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்.

நாய் பிழைத்தது. வயிறு தேறியதும் டாக்டர் அடுத்த கட்டத்தைச் சொன்னார். இதுவரை அது சாப்பிடாத ஓர் இறைச்சி, அதனுடன் ஒரே ஒரு கிழங்கு. எட்டு வாரம். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. "இது நெரந்தரச் சாப்பாடு கெடயாது, இதுல எல்லாச் சத்தும் இல்ல. எது ஒத்துக்கலன்னு தெரிஞ்சுக்கத்தான். ஆனா வேற ஒண்ணும் வாய்க்குள்ள போகக்கூடாது. ஒரு பிஸ்கட் போனாலும் மறுபடி மொதல்லேருந்து."

தம்பி பன்றி இறைச்சி தொடமாட்டான், ஆகவே நாயும் தின்றதில்லை. பாசாரில் சீனர் கடையில் கொழுப்பு இல்லாத துண்டாகக் கேட்டு வாங்கி, மிச்சமிருந்த வெள்ளையையும் கத்தியால் சீவி எடுத்து வேகவைத்தேன். கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்கு. எண்ணெய்களைக் குப்பையில் போட்டேன். தெருவில் போகிறவர்கள் யாரும் நாய்க்கு எதுவும் போடக்கூடாது என்று கேட்டில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். "புரியுது லா, தண்ணி மட்டும் தான்" என்றார்.

மூன்றாம் வாரம் பாதத்தை நக்குவது குறைந்தது. காது வாடை போனது. நான் தினமும் கைவிளக்கை வைத்து விலாவைப் பார்ப்பேன். வழவழப்பான தோலில் புள்ளி புள்ளியாக ஏதோ முளைப்பது போலிருந்தது. இந்தச் சமயத்தில் முடி வளரச் சத்து வேண்டுமே என்று பயம் வந்தது. வெந்த இறைச்சியிலும் கிழங்கிலும் என்ன இருக்கும்? மிச்சமிருந்த எலும்பு வடிவ மாத்திரை டப்பாவை எடுத்தேன். எண்ணெய் இல்லாத மாத்திரைதானே. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று கொடுத்தேன்.

ஐந்தாம் வாரம் எல்லாம் திரும்பி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது முன்பாதங்கள் இரண்டும் எச்சிலில் நனைந்து சிவந்திருந்தன. காது கொதித்தது. விலாவில் முளைத்திருந்த கொஞ்ச முடியும் சொறிந்து போயிருந்தது. கேட்டுக்கு உள்பக்கம் சிமெண்டுத் தரையில் ஒரு சிறிய கோழி எலும்பு கிடந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. நாய்க்குக் கோழி போட்டீங்களா?"

"இல்லியேம்மா."

"எலும்பு கெடக்குது."

"காக்கா போட்டிருக்கும். நான் போடல."

"ஒங்களத் தவிர யாரும் உள்ள வர்றதில்ல. பாவம் பாத்துப் போட்டிருப்பீங்க. அதச் சொல்லிட்டா நான் டாக்டர்கிட்டயாச்சும் சரியாச் சொல்லலாம்."

அவர் மடித்த துணியை அப்படியே வைத்தார். உள்ளே போய் என் கேட் சாவியை எடுத்துவந்து, இரு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மதில் மேல் வைத்தார். என் கையில் தரவில்லை. "தண்ணிக்கு வேற ஆள் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு பெரிய வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பழைய போன் ஒன்றை ஜன்னலில் பொருத்தி கேட்டைப் பார்க்க வைத்தேன். வேலை இடைவேளையில் அதைத் திறந்து திறந்து பார்ப்பேன். யாரும் வரவில்லை. எதுவும் வந்து விழவில்லை. ஒன்பது நாள் பார்த்தேன். ஒருமுறை அக்கா தன் வாசலில் துணி காயப்போட வந்தார். நாய் கேட்டருகில் ஓடிப்போய் வாலாட்டியது. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். சொறிச்சல் மட்டும் குறையவேயில்லை.

நாயைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். "அது வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று முன்னரே போனில் சொல்லியிருந்தார். வெந்த இறைச்சி டப்பா, கிழங்கு, மாத்திரை டப்பா மூன்றையும் மேசையில் வைத்தேன். அவர் மாத்திரை டப்பாவை எடுத்தார்.

"இது என்னா?"

"அது சாப்பாடு இல்ல டாக்டர். சத்து மாத்திர."

"நாய் எப்படிச் சாப்புடுது இத?"

"ஆசையாச் சாப்புடுது. காட்டுனாலே குதிக்கும்."

"ஏன் குதிக்குதுன்னு யோசிச்சீங்களா?"

டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் இருந்த மிகச் சிறிய எழுத்துகளில் விரலை வைத்துக் காட்டினார். சேர்த்திருக்கும் பொருள்களில் இரண்டாவது பெயரே கோழி ஈரல் பொடி. நாள் முழுக்க நுண்ணோக்கி வழியாக மின்னணுச் சில்லுகளைப் பார்த்து, மயிரிழைக் கீறலைக்கூடக் கண்டுபிடிப்பது என் வேலை. மாதக் கணக்கில் கையில் வைத்திருந்த டப்பாவை நான் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"எப்பலேருந்து கொடுக்குறீங்க?"

"மூணாவது வாரத்துலேருந்து."

"அப்போ மறுபடி மொதல்லேருந்து" என்றார். திட்டவில்லை.

காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தேன். நாயை உள்ளே விட்டதும் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.

"தப்பு என் மேல தான் அக்கா. நான் கொடுத்த மாத்திரையிலயே கோழி இருந்துச்சு. ஒங்களச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க."

குழாயை மூடினார். "நீ கேட்டது பரவால்ல. எலும்பு கெடந்துச்சு, கேட்ட. நான் இல்லன்னு சொன்னதுக்கு அப்புறமும் நம்பல பாரு. ஆஸ்பித்திரிக்குத் தூக்கிட்டுப் போனவ நானு."

"ஆமாக்கா."

அவர் குழாயை மறுபடி திறந்தார்.  நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுபடி எட்டு வாரம் தொடங்கியது. இந்த முறை இறைச்சி, கிழங்கு, தண்ணீர் தவிர வீட்டில் நாய்க்கென்று ஒரு பொருளும் இல்லை. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் வேலையில் இருந்தபோது நல்ல மழை. பதறி போனைத் திறந்து பார்த்தேன். ஜன்னலில் வைத்த போன் வழியே, அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு மதிலைத் தாண்டிக் கையை நீட்டுவது தெரிந்தது. சாவி அன்றிலிருந்து மதில் மேல்தான் இருந்தது. எடுத்து உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அதை எடுத்து, திறந்து, நாயை உள்ளே விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் பார்த்தபோது மதில் மேல் சாவி இல்லை. 

கிறிஸ்மஸுக்குத் தம்பி வந்தபோது ஏழாம் வாரம். பையைக் கீழே வைக்குமுன் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, வலது விலாவில் முடியை எதிர்ப்பக்கமாகத் தடவினான். சணல் போல மெல்லிய பழுப்பு முடி நிறைந்து வந்திருந்தது. வயிற்றைப் புரட்டிப் பார்த்தான். காதை மடித்து மோந்தான். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். 

"வால்கிட்ட மட்டும் இன்னும் இருக்கு."

"அது வராதுன்னு டாக்டர் சொல்றாங்க. தோலு ரொம்ப கெட்டியாயிருச்சாம்."

தலையாட்டினான். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான், "இங்கயே இருக்கட்டும் அக்கா" என்றான். என்னால் அன்று சரியாகச் சாப்பிட முடியவில்லை.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. எட்டு வாரம் முடிந்ததும் வேண்டுமென்றே கோழி கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வெந்த கோழித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன் உட்கார்ந்தேன். அது என்னை நம்பி ஒரே வாயில் விழுங்கியது. மூன்றாம் நாள் காலையில் பாதத்தை நக்கத் தொடங்கியது. உடனே நிறுத்தினேன். சிவப்பு அடங்க இரண்டு வாரம் ஆனது. ஆனால் எது காரணம் என்று இப்போது தெரியும்.

இப்போது டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில்தான் எல்லாம். பன்றி இறைச்சி, கிழங்கு, சுண்ணாம்புச் சத்துப் பொடி, அதன் எடைக்குத் தகுந்த மாதிரி சில சொட்டு மீன் எண்ணெய். அக்காவுக்குப் பன்றி இறைச்சி ஆகாது. "நான் அதத் தொடமாட்டேன். கெழங்க வேணா அவிச்சுத் தர்றேன்" என்றார் ஒருநாள். வாரம் இரண்டு முறை ஒரு பாத்திரம் நிறைய வரும், உப்பு போடாமல்.

ஆனால் தினமும் மத்தியானம் தண்ணீர் மாற்றுவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். "தண்ணி மாத்தவா?" தேவையில்லை அக்கா, கேட்காமல் செய்யுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சரி என்பார். மறுநாளும் செய்தி வரும். நான் வேலையை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, ஆமாக்கா என்று பதில் எழுதுகிறேன்.