மூன்று ‘ஹ’

பியட்றிஸ் டீச்சர் பக்கத்தில் நின்றால் கண்டிச் சந்தையில் யாரும் வாழைப்பழம் கேட்க மாட்டார்கள். ழகரத்தில் சறுக்கியவரை நடுச் சந்தையிலேயே நாக்கை மடித்துக் காட்டச் சொல்லுவாள். மாதா கோவிலில் ஞாயிறு வாசகம் அவளுடையது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை “நல்ல பளக்கம்” என்று சொன்னதோடு அவள் கல்யாணம் நின்றுபோனது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தியாகச் சுடர் வீசும்.

அப்படிப்பட்டவள் முப்பத்தாறு வயதில் ஜப்பான் மொழி படிக்கப் போனாள். பெட்ரோல் வரிசைகள் ஓய்ந்த அடுத்த வருஷம் அது. ஊரில் பாதிப்பேர் பாஸ்போர்ட்டும் கையுமாகத் திரிந்தார்கள். அவள் கேட்டது முதியோர் இல்ல வேலை. படுக்கையில் விழுந்த தாயை நாலு வருஷம் புரட்டி, கழுவி, ஊட்டிய கைகள் அவளுடையவை. தாய் போன பிறகு அந்தக் கைகள் சும்மா கிடந்தன. ஜப்பானில் இன்னொரு தாய் தனக்காகக் காத்திருக்கிறாள் என்று உண்மையாகவே நம்பினாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு வகுப்பில் தொடங்கியது.

வகுப்பு நடத்தியவள் ரபீகா. ஏழு வருஷம் ஜப்பானில் இருந்து வந்தவள். மூன்றாம் வாரம் பலகையில் ஓர் எழுத்தை எழுதினாள். சொல்லுக்குள் வந்தால் அது ‘ஹ’. ‘நான்’, ‘அம்மா’ போன்ற சொற்களின் பின்னால் ஒட்டி, யாரைப் பற்றிய பேச்சு என்று காட்டினால், அதே எழுத்து ‘வ’.

எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று வைத்துக்கொள்வது தேர்தலுக்கு நிற்பவர்கள் வேலை என்று பியட்றிஸ் எழுந்து நின்று சொன்னாள். ரபீகா பலகையில் ‘மகன்’ என்று எழுதி வாசிக்கச் சொன்னாள்.

“மஹன்,” என்றாள் பியட்றிஸ், கணீரென்று.

“அதுல ‘ஹ’ எங்க டீச்சர் ஈக்குது? கல்லுக்குப் போடுற ‘க’தானே ஈக்குது?” என்றாள் ரபீகா.

வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஞானேஸ்வரி. ‘பளம்’ என்று சொல்லும் வாய்க்குச் சிரிப்பு ஒரு கேடா என்று பியட்றிஸுக்குக் கொதித்தது. தமிழ் மூத்த மொழி, அதற்குச் சலுகை உண்டு என்று சொல்லி உட்கார்ந்தாள். அன்று முதல் அந்த ஜப்பான் எழுத்தை, எங்கே வந்தாலும், வேண்டுமென்றே ‘ஹ’ என்றே வாசித்தாள். ரபீகா திருத்தித் திருத்திக் களைத்துப்போனாள்.

நேர்முகத் தேர்வு ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. தன்னைப் பற்றித் தானே எழுதியதை வாசிக்க வேண்டும். எதிரே ஜப்பான்காரர் ஒருவரும் ஒரு பெண்மணியும் இருந்தார்கள். ஜப்பானில் சொந்தத் தாயைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹஹ’ என்பார்கள். பின்னால் அந்த ஒட்டும் சேர்ந்தால், தாளில் ஒரே எழுத்து மூன்று தடவை வரும். ‘ஹஹ வ’ என்று வாசித்தால் அது அம்மா.

கண்ணீர் முட்ட, கோவில் வாசகக் குரலில், பியட்றிஸ் எழுத்தெழுத்தாக நிறுத்தி வாசித்தாள்.

“ஹ. ஹ. ஹ.” பிறகு, இறந்துவிட்டார் என்ற சொல்.

பெண்மணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஜப்பான்காரர், தன் காதில்தான் கோளாறோ என்று, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். உருக்கம் வேலை செய்கிறது என்று நினைத்த பியட்றிஸ் இன்னும் உரக்க வாசித்தாள். கன்னத்தில் தாரை தாரையாக நீர். வாயில் மூன்று சிரிப்பு. இருவரும் எழுந்து நன்றாகக் குனிந்து வணங்கி அவளை அனுப்பிவைத்தார்கள்.

ஞானேஸ்வரிக்கு வேலை கிடைத்தது.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் வைத்து ரபீகா விஷயத்தை உடைத்தாள். “ஒங்கட அம்மா மவுத்தானத்தச் சொல்லி நீங்க சிரிச்சீங்கண்டு நெனச்சிட்டாங்க டீச்சர்.”

ஆறு மாதத்தில் அடுத்த தேர்வு, அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும் என்று ரபீகா கெஞ்சினாள்.

“பேரப் போடும்மா,” என்றாள் பியட்றிஸ். “நான் மாத்துறேன்.”

வீட்டுக்குப் போய் மாற்றினாள். தாளில் ‘அம்மா’வை அடித்துவிட்டு, அப்பா இறந்துவிட்டார் என்று எழுதி, ஒட்டை ‘ஹ’ என்றே அழுத்தமாக வாசித்துப் பழகினாள். அப்பா புசல்லாவையில் இரண்டாம் மனைவியோடு சௌக்கியமாக இருக்கிறார்.