பூனைக்குப் பூசிய தைலம்

ஹட்டனுக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாருக்குச் சளி பிடித்தாலும் முதலில் எடுப்பது யூக்கலிப்டஸ் தைலம்தான். கடந்த மழைக்காலத்தில் எங்கள் பூனை மணி தும்மத் தொடங்கியது. கண்ணில் பீளை, மூக்கில் அடைப்பு; சோற்றையும் தொடவில்லை. பிள்ளைகளுக்குச் செய்வதுபோல அதன் நெஞ்சில் தைலம் தேய்த்தேன். அது உடனே நக்கியது. சற்று நேரத்தில் எச்சில் ஒழுக, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

மணியைக் கூடையில் வைத்துப் பஸ் ஏறி, மிருக வைத்தியரிடம் போவதாகச் சொன்னேன்.

"பூனைக்கு டாக்டரா? இன்சூரன்ஸ் கீது போட்டிருக்கீங்களாக்கா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

"எனக்கே போடல தம்பி. டிக்கட்ட குடுங்க."

மிருக வைத்தியர் தைலத்தைத் துடைத்து எடுத்தார். ஊசி போட்டு, மூச்சு சீராகும்வரை மணியை அங்கேயே வைத்திருந்தார்.

"சளிக்கு மருந்து இருக்குங்க. ஆனா இந்தத் தைலம் பூனைக்கு விஷம். இன்னும் கொஞ்சம் நக்கியிருந்தா பிழைக்கிறது கஷ்டம்" என்றார்.

தீபாவளிச் சேலைக்கு வைத்திருந்த பணம் அங்கே முடிந்தது. மணி பிழைத்தது.

இப்போது மணி தும்மினால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிட்டு, அன்றே வைத்தியருக்குப் போன் பேசுகிறேன். அதன் வைத்தியச் செலவுக்காக லயத்துச் சீட்டில் இன்னொரு பங்கும் எடுத்தேன்.

"யாரு பேருல எழுத?" என்று சீட்டுப் பிடிக்கும் செல்வியக்கா கேட்டார்.

"மணி பேருலேயே எழுதுங்க" என்றேன்.