ஒட்டு மக்காச்சோளத்துக்கு வாரிசு கிடையாது

விதை கொடுக்கிற உத்தியோகத்தில் விதையை அளந்து போட இரண்டு கை போதும். அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஒரு வாய் போதாது. அறுபதுகளின் கடைசியில் அந்தமானின் பாராடாங் தீவில் நான் விவசாய இலாகாவின் கடைசிப்படி ஆள். குடியேறிகளுக்கெல்லாம் 'பீஜ்வாலா', அதாவது விதைக்காரன். தங்களுக்கே புரியாத நோட்டீஸை ஊருக்கு விளக்கியவர்கள் உங்களில் இருந்தால், என் அவஸ்தை சொல்லாமலே புரியும்.

சிவப்பு விதை

மெயின்லேண்டிலிருந்து புதிதாக ஒட்டு மக்காச்சோள விதை வந்தது. பூச்சி மருந்து தடவியதால் செக்கச்செவேல் என்றிருந்தது. முதல் பொட்டலம் வேலாயி அக்காவுக்கு. காட்டை வெட்டித் திருத்திய அவருடைய மேட்டு நிலத்தில் நெல்லுக்குத் தண்ணீர் நிற்காது. சர்க்கார் தருகிற இலவச அரிசியும் அடுத்த வருஷம் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நாலு பிள்ளைகள். சோளம் விளைந்தால்தான் அடுப்பில் உலை.

"மருந்து போட்ட விதை அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால், காய்ச்சலில் படுத்திருந்த கணவருக்குக் கஞ்சி வைக்க ஒரு கைப்பிடி விதையை அம்மியில் போட்டிருக்கிறார். "ஐயோ, விஷம்!" என்று பாய்ந்து பிடுங்கினேன். அக்கா என்னையும் அம்மியையும் மாறிமாறிப் பார்த்தார். "நேத்து மருந்துன்னே, இன்னிக்கு விஷங்கறே. ஒரே ராத்திரியில மாறிப்போச்சா தம்பி?"

புகையில் தொங்கிய கதிர்கள்

அந்த வருஷ விளைச்சல் போலீஸ் அணிவகுப்புதான். எல்லாச் செடியும் ஒரே உயரம். அக்கா நல்ல கதிர்களாகப் பார்த்து, மட்டையை முடிந்து, அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டிருந்தார். அடுத்த விதைப்புக்கு. எனக்கோ, அதைத் தடுக்கச் சொல்லி நோட்டீஸில் உத்தரவு.

"இதை விதைக்கக் கூடாதுக்கா. ரெண்டு ரகத்தைச் சேர்த்து எடுத்தது. இதோட பிள்ளை இதைப் போல இருக்காது."

"ஏன் இருக்காது?"

ஏன் என்று நோட்டீஸில் போடவில்லை. அக்கா சிரித்தார். "எம்பிள்ளைங்க நாலும் எங்க ரெண்டு பேர் சாயலும் இல்ல. அதுக்காகச் சோறு போடாம விட்டேனா?"

கப்பல்

நல்ல கதிர் எப்படிக் கெட்ட விதையாகும் என்று, எல்லோரும் 'ஆபீசர் சாப்' என்று கூப்பிடும் எங்கள் அதிகாரியிடம் கேட்டேன். அவர் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார், மடித்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மழைக்கு முன்னால் கப்பலில் புது விதை வரும் என்றார்.

மழை வந்தது. விதை வரவில்லை. நிலத்தைக் கொத்திவைத்துவிட்டு ஊரே என் முகத்தைப் பார்த்தது. ஜனங்களுக்கு என்ன சொல்வது என்று ஆபீசில் போய் நின்றேன். சாப் இந்தியில் எரிந்து விழுந்தார். "கப்பல் இன்னும் மெட்ராஸில் நிற்கிறது. மழையையும் கொஞ்சம் நிற்கச் சொல்!"

என்ன ரகம்?

"போடவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு தம்பி" என்றார் வேலாயி அக்கா. நான் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். "நோட்டீஸ்ல வேண்டாம்னுதான் இருக்கு... ஆனா ஈரம் நல்லாருக்கு." அக்கா கதிர்களை இறக்கிவிட்டார்.

முளைத்தது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்று என்னைவிட உயரம், ஒன்று முழங்கால் மட்டம். ஒன்றில் இரண்டு கதிர், ஒன்றில் வெறும் தோகை. போன வருஷ விளைச்சலில் பாதிதான் தேறியது. ஆனாலும் வீட்டில் ஒரு வேளைகூட உலை நிற்கவில்லை. கப்பல் விதைக்காகக் காத்திருந்தவர்களுக்கோ அது பிந்தி வந்து அடைமழையில் அழுகிப்போனது.

ஆபீசர் சாப் பார்வையிட வந்தார். தலை சுற்றியவர்போல வரப்பில் நின்று, "இது என்ன ரகம்?" என்றார். அக்கா நிமிராமல் கதிரை ஒடித்துக்கொண்டே சொன்னார்: "கப்பலுக்குக் காத்திருக்காத ரகம் சாப்!"

இரண்டு வருஷ விதை உத்தியோகத்தில், எந்த மண்ணிலும் ஒரே சீராக விளைந்தது என் குழப்பம் ஒன்றுதான்.